கலையா, கடையா? ஒலிப்பதிவுக் கூடத்தின் நூறாண்டுக் கணக்கு

ஒலிப்பதிவுக் கூடம் நடத்துவது கலையா, கடையா? இந்தக் கேள்வியை எந்த மேடையில் போட்டாலும் அரங்கம் இரண்டாகப் பிரிந்துவிடும். "சரஸ்வதி குடியிருக்கும் இடத்தில் லட்சுமியைப் பற்றிப் பேசலாமா?" என்று ஓர் அணி கேட்கும். "லட்சுமி எட்டிப் பார்க்காத வீட்டில் சரஸ்வதிக்கு மின்கட்டணம் கட்டுவது யார்?" என்று எதிரணி திருப்பிக் கேட்கும். இரண்டு பேச்சுக்கும் கைத்தட்டல் விழும். ஆனால் வாடகை கைத்தட்டலுக்கு மயங்காது. ராகம் பார்த்து வராது, தேதி பார்த்துத்தான் வரும்.

இந்த வழக்குக்குச் சாட்சி சொல்ல வரலாற்றையே கூப்பிட்டுவிடலாம். மனிதக் குரலைப் பதிந்து விற்கும் தொழில் ஆசியாவுக்கு வந்து 120 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதில் யார் பிழைத்தார்கள், யார் படுத்தார்கள், ஏன் என்று பார்த்தால் தீர்ப்பு தானாக வந்துவிடும்.

ஜூரோங்கில் ஏன் இந்தப் பேச்சு?

சிங்கப்பூரின் மேற்கே இருக்கும் ஜூரோங் என்றதும் ஆலைகளும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். 1961ஆம் ஆண்டு வாக்கில் அங்கே தொழிற்பேட்டை அமைக்கும் வேலை தொடங்கியபோது அது சதுப்பு நிலமும் குன்றுமாகக் கிடந்தது. முதலீட்டாளர்கள் உடனே வரவில்லை. திட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் கோ கெங் சுவீயின் பெயரைச் சொல்லி, 'கோவின் அசட்டுத்தனம்' என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆலைகள் வந்தன, கேலி நின்றது. 1971 முதல் 1985 வரை காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கமும் அங்கே நடந்தது. இசைத்தட்டு விற்ற காலத்தில் ஜூரோங் தொழிற்பேட்டையில் இசைத்தட்டுகளும் அச்சாயின. ஆகவே ஜூரோங்குக்கும் பாட்டுக்கும் பழைய உறவு.

இன்று சொந்தமாக ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைக்க ஆசைப்படும் இளைஞர் இப்படிப்பட்ட வட்டாரத்தைத்தான் முதலில் பார்ப்பார். வீவக வீட்டில் நள்ளிரவில் மேளம் கொட்ட முடியாது. பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். நகர மையத்திலோ வாடகை விழிபிதுங்க வைக்கும். தொழிற்கூடக் கட்டடத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று கணக்குப் போடுவார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் வாடகை ஒரு வரி மட்டுமே. மீதி வரிகளை முன்னோடிகளின் ஏட்டிலிருந்துதான் படிக்க வேண்டும்.

முதல் சாட்சி: பெட்டியோடு வந்த வெள்ளைக்காரர்

1902ஆம் ஆண்டு இறுதியில் லண்டனின் கிராமபோன் கம்பெனி, ஃப்ரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளரைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. மின்சார மைக் வராத காலம். பாடுபவர் ஓர் உலோகக் குழலுக்குள் தலையை நீட்டி உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வு ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான். மூன்று மணி நேரம் ஆலாபனை செய்தவர்கள் மூன்று நிமிடத்தில் முடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அது கர்வம் இல்லை. மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகும். அங்கே அச்சிடுபவருக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும். எந்தத் தட்டில் எந்தக் குரல் என்று குழம்பிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அது நாளடைவில் விளம்பரமாகவும் ஆகிவிட்டது. பெயர் தெரியாத பாட்டைக் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது?

கைஸ்பர்க்கின் பயணம் ஜப்பான், சீனா என்று நீண்டு 1903இல் சிங்கப்பூரையும் தொட்டது. இங்கும் உள்ளூர்க் குரல்கள் மெழுகில் பதிந்தன, இங்கிருந்தும் கப்பலேறின. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் இசைத்தட்டு ஆலை வந்த பிறகு கடல் தூரம் குறைந்தது. ஆனால் நடைமுறை மாறவில்லை. குரல் இந்த ஊருடையது. அசல் தட்டு அந்தக் கம்பெனியுடையது. விற்பனைக்குத் திரும்பி வந்ததோ நகல்தான். பாடியவரே தன் பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

இரண்டாவது சாட்சி: கல்லாவில் உட்கார்ந்தவர்

அடுத்த சாட்சி தமிழ்நாட்டுக் காரைக்குடியிலிருந்து வருகிறார். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். ஏவி.எம். என்றால் திரைப்பட நிறுவனம் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அவருடைய தொழில் வாழ்க்கை இசைத்தட்டு விற்ற கடையில் தொடங்கியது. காரைக்குடியில் தந்தையார் கடையில் இசைத்தட்டு விற்றவர், 1930களில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஒடியன் இசைத்தட்டுகளை விற்றது அந்தக் கடை. விற்பதோடு நிற்காமல் தமிழ்ப் பாடகர்களையும் நாடகங்களையும் பதிவு செய்து தட்டாகக் கொண்டுவரும் வேலையிலும் இறங்கியது.

கல்லாவில் உட்கார்ந்த மனிதருக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் தட்டைக் கேட்டு ஆள் வருகிறார், எது இல்லை என்றதும் முகம் வாடித் திரும்புகிறார் என்பது நேரடியாகத் தெரியும். நாடகம் பார்த்து முடித்த ரசிகர், அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்க ஏங்குவார். அந்த ஏக்கத்தைக் கண்ணால் பார்த்தவர் பதிவுக்குள் நுழைந்தார். ரசனையைச் சந்தையில் படித்த பிறகுதான் ஸ்டூடியோவைக் கட்டினார். எடுத்ததெல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. 1935இல் வந்த அவருடைய முதல் படமான 'அல்லி அர்ஜுனா' ஓடவில்லை. தோல்வியைத் தாங்கி நிற்கவும், மறுபடி முயலவும், பின்னால் ஒரு வியாபாரம் இருந்தது.

முதலில் கேட்பவர் யார் என்று தெரிந்துகொள், பிறகு கருவி வாங்கு. செட்டியாரின் சாட்சியம் இவ்வளவுதான். இன்றைய இளைஞர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலையுயர்ந்த மைக் வந்துவிடும், கதவில் பெயர்ப்பலகை வந்துவிடும். பாடுவதற்கு ஆள் மட்டும் வராது.

மூன்றாவது சாட்சி: எதையும் பதிவோம், எங்கும் பதிவோம்

சிறிய தனியார் ஒலிப்பதிவுக் கூடம் என்றால் உலகமே சுட்டிக்காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம், யூனியன் அவென்யூ, கதவு எண் 706. 1950 ஜனவரியில் சாம் ஃபிலிப்ஸ் என்ற வானொலித் தொழில்நுட்பர் அங்கே ஒரு சின்னக் கூடத்தைத் திறந்தார். எதையும், எங்கும், எப்போதும் பதிவு செய்து தருவோம் என்பதுதான் அவருடைய விளம்பர வாசகம். சும்மா சொல்லவில்லை. கல்யாணத்தைப் பதிந்தார், இறுதிச் சடங்கைப் பதிந்தார், மேடைப் பேச்சையும் பதிந்தார். அந்தப் பணத்தில் வாடகை போனது. மிச்ச நேரத்தில், பெரிய கம்பெனிகள் உள்ளே விடாத ஏழைக் கறுப்பினப் பாடகர்களைப் பதிவு செய்தார். அவருக்கு உண்மையான ஆசை அதில்தான்.

காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வந்து ஒரு தட்டு பதிந்துகொண்டு போகலாம் என்றும் வைத்திருந்தார். 1953 கோடையில் 18 வயதுப் பையன் ஒருவன் ஏறத்தாழ 4 டாலர் கொடுத்து இரண்டு பாட்டுப் பதிந்தான். அலுவலகத்தைக் கவனித்துக்கொண்ட மரியன் கைஸ்கர் என்ற பெண்மணி அவன் பெயரையும், நன்றாகப் பாடுகிறான் என்ற குறிப்பையும் எழுதிவைத்தார். பையனின் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. மறு ஆண்டு பாட ஆள் தேடியபோது அந்தக் குறிப்பு கைகொடுத்தது. கூடத்தின் மிகச் சிறந்த முதலீடு எது என்று கேட்டால், அந்த ஒரு வரிக் குறிப்பைத்தான் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அது இந்த வேலையைச் செய்யாது.

விளம்பரமும் அப்படித்தான் நடந்தது. 1954 ஜூலையில் எல்விஸின் முதல் தட்டு கடைக்கு வருமுன்பே, மாதிரித் தட்டு ஒன்று உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸிடம் போனது. அவர் ஒரே இரவில் பலமுறை ஒலிபரப்பினார். தொலைபேசி ஓயாமல் அலறியது. நாடு முழுக்க விளம்பரம் செய்யப் பணமில்லாத சின்னக் கூடம், தன் ஊரில் ஒரே ஒரு காதைப் பிடித்தது. அந்தக் காது ஊரையே அழைத்து வந்தது.

ஆனாலும் 1955 நவம்பரில் சாம் ஃபிலிப்ஸ், எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றுவிட்டார். முட்டாள்தனம் என்று இன்றுவரை சிலர் சொல்கிறார்கள். அவர் இடத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பாட்டு பிரபலமாகும்போதுதான் சின்னக் கம்பெனிக்கு ஆபத்து. தட்டு அச்சிடும் ஆலைக்கு உடனே பணம் கட்ட வேண்டும். விநியோகஸ்தர் பணமோ மெதுவாகத்தான் வரும். விற்பனை ஏற ஏறக் கடனும் ஏறும். வெற்றியால் மூழ்குவது என்பது இதுதான். விற்ற பணத்தை வைத்து மற்றக் கலைஞர்களை வளர்த்தார். கூடம் பிழைத்தது; எல்விஸ் பாட்டின் அசல் கை மாறியது.

நான்காவது சாட்சி: சிங்கப்பூரின் பொற்காலம்

1960களில் சிங்கப்பூர் இளைஞர்களின் கையில் கிட்டார் வந்தது. தி கிரசெண்டோஸ் குழு பிலிப்ஸ் நிறுவனத்தோடும், தி குவெஸ்ட்ஸ் குழு இ.எம்.ஐ. நிறுவனத்தோடும் சேர்ந்தன. 1964இல் குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷான்ட்டி' உள்ளூர்த் தரவரிசையில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டையே கீழே தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது. மலாய்த் திரையுலகின் பி. ரம்லி குரலும் இசைத்தட்டுகளில் ஊரெங்கும் ஒலித்தது. தமிழில் எஸ். ஜேசுதாசன் இசையமைத்த 'முன்னேறு வாலிபா' அந்தக் காலத்தில் பிறந்ததுதான். தேசிய தினத்தில் இன்றும் பாடப்படுகிறது.

பொற்காலம் நீடிக்கவில்லை. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. முகாம்களிலும் கேளிக்கை விடுதிகளிலும் இருந்த ரசிகர் கூட்டம் கரைந்தது. நீண்ட முடி வைத்த ராக் இசைக் கலாசாரத்தை அரசாங்கமும் விரும்பவில்லை. இசைக்குழுக்கள் கலைந்து, பலர் வேறு வேலை தேடிப் போனார்கள்.

அந்தப் பாட்டுகளின் அசல் என்ன ஆனது? கம்பெனியின் சொத்தாயிற்று. கம்பெனியும் நிலைக்கவில்லை. 2012இல் இ.எம்.ஐ.யின் இசைப்பதிவுத் தொழிலை யுனிவர்சல் வாங்கியது. போட்டி விதிகளின் காரணமாக அதில் ஒரு பகுதி 2013இல் வார்னர் கைக்குப் போனது. சிங்கப்பூர்ப் பையன்கள் வியர்வை சிந்தி வாசித்த இசை, அவர்களைக் கேட்காமலேயே கைமாறக்கூடிய சரக்காகிவிட்டது. 1903இல் மெழுகுத் தட்டு கப்பலேறிய கதைதான் இது. கப்பலுக்குப் பதில் ஒப்பந்தக் காகிதம்.

ஐந்தாவது சாட்சி: கேசட் கடை

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இசைத்தட்டு அச்சிட ஆலை வேண்டும்; கேசட் நகலெடுக்க மேசை போதும். இந்தியாவில் டி-சீரிஸ் போன்ற புதிய நிறுவனங்கள் மலிவு விலைக் கேசட்டை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனதில் பழைய கிராமபோன் கம்பெனியின் ஏகபோகம் உடைந்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'ரெக்கார்டிங் சென்டர்' என்ற பலகை முளைத்தது. வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால், இரண்டு நாளில் இரு பக்கமும் நிரப்பித் தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் எத்தனை பாட்டு அடங்கும் என்று விரல்விட்டு எண்ணிய தலைமுறை அது. பட்டியலைப் பார்த்தே, இவர் காதலிக்கிறாரா, காதலில் தோற்றுவிட்டாரா என்று கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்! சிராங்கூன் சாலைக் கேசட் கடைகளும் வாசலில் பாட்டைப் போட்டு வாடிக்கையாளரை உள்ளே இழுத்தன.

ரசிகருக்கு அது பொற்காலம். பாட்டைப் பதிந்தவருக்கோ சோதனைக்காலம். 1980களின் தொடக்கத்தில் திருட்டுக் கேசட்டுகளுக்கு உலக அளவில் பெயர்போன ஊராக இருந்தது சிங்கப்பூர். 1911ஆம் ஆண்டின் பழைய பிரிட்டிஷ் சட்டமே அதுவரை நடப்பில் இருந்தது. அமெரிக்காவின் வர்த்தக நெருக்குதல் வந்தது. புதிய காப்புரிமைச் சட்டம் 1987 ஏப்ரல் 10ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் காம்பஸ் அமைப்பும் அதே ஆண்டில் உருவானது.

சட்டம் வருவதற்கு முன் இங்கே சொந்தமாகப் பாட்டுப் பதிந்து விற்க நினைத்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், அட்டைப்படம் எல்லாச் செலவும் அவருடையது. நகலெடுத்தவருக்கோ வெற்று நாடாவின் விலை மட்டுமே செலவு. உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன் என்றால் உழவுக்கு யார் வருவார்?

ஆறாவது சாட்சி: கோடம்பாக்கத்துப் பின்கட்டு

தமிழர்களுக்கு மிக நெருக்கமான சாட்சி இதுதான். இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது மகனுக்கு 9 வயது. தந்தை விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. பையன் மற்ற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தான். 1980களின் பிற்பகுதியில் விளம்பரப் படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினான். வீட்டுப் பின்கட்டில் எழுந்த சிறிய கூடத்துக்குப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று பெயர் வைத்தார்கள். 1992இல் 'ரோஜா' வந்தது; ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயரை நாடறிந்தது. முதல் படத்திலேயே தேசிய விருது.

இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்பவர்கள் நடுவில் இருக்கும் ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விளம்பர இசை 30 வினாடிதான். அந்த 30 வினாடி கேட்டவர் மனத்தில் ஒட்ட வேண்டும், குறித்த நாளில் முடிய வேண்டும், காசு கொடுத்தவர் திருப்தியடைய வேண்டும். லியோ காப்பி விளம்பரத்தின் இசை இன்றும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட வேலைகள் கூடத்துக்கு மூன்று நன்மை செய்தன. வாடகைக்குப் பணம் வந்தது. புதுக் கருவிகளைப் பழகக் காசோடு நேரமும் கிடைத்தது. திரைப்பட இயக்குநர்கள் காதில் பெயர் விழுந்தது. மெம்ஃபிஸில் கல்யாணம் பதிந்தவரும் கோடம்பாக்கத்தில் காப்பி விளம்பரம் செய்தவரும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள்.

கூடம் சொந்த வீட்டில் இருந்ததால் கடிகாரத்தின் மிரட்டல் குறைவு. பெரிய ஸ்டூடியோவில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். பின்கட்டில் விடிய விடிய ஒரே ஒலியைத் திருத்தலாம். புதிய ஓசை பிறந்ததற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம்.

கருவி மலிந்தது, காது மலியவில்லை

1990களிலிருந்து கணினி வந்தது. அறை நிறையும் நாடா இயந்திரம் செய்த வேலையை மேசைக் கணினி செய்தது. மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழுவினர் 1998இல் வந்த ஆல்பத்திலேயே ஆங்கிலம், மலாய், தமிழ் என்று கலந்து ராப் பாடினார்கள். அந்தக் குழுவின் யோகி பி, நட்சத்திராவுடன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய தமிழ் ராப், 2007இல் 'பொல்லாதவன்' படம் மூலம் கோடம்பாக்கத்துக்கே போனது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு வசந்தம் ஸ்டார் போட்டியில் வென்ற ஷபீர், பிறகு 2019இல் வெளியான 'சகா' படத்துக்கு இசையமைத்தார். சங்கத் தமிழை எடுத்தாண்ட அதன் 'யாயும்' பாட்டு தமிழ்நாட்டு இளைஞர்களின் கைப்பேசிகளில் ஒலித்தது. பாட்டு எப்போதும் சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்ற விதி உடைந்துவிட்டது.

2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானதும் தமிழ் நிகழ்ச்சிகளின் நேரம் கூடியது. நாடகத்துக்குத் தலைப்புப் பாட்டு வேண்டும், விளம்பரத்துக்குக் குரல் வேண்டும். சிறிய கூடங்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதே கணினி இன்னொரு கேள்வியையும் கிளப்பியது. படுக்கையறையிலேயே பாட்டுப் பதிய முடியும் என்றால், காசு கொடுத்துக் கூடத்துக்கு ஏன் வர வேண்டும்?

வருபவர் கருவிக்காக வருவதில்லை. மூன்று விஷயத்துக்காக வருகிறார். முதலாவது, அமைதி. ஜூரோங் சாலையில் போகும் கனரக லாரியின் உறுமலைத் தடுப்பது எளிதல்ல. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அறைக்குள் எழும் எதிரொலியில் கொஞ்சத்தை அது குறைக்கலாம், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவர் வேண்டும், காற்றுப் புகாத கதவு வேண்டும், அறைக்குள் அறையாகக் கட்ட வேண்டும். குளிர்சாதனத்தின் இரைச்சலையும் அடக்க வேண்டும். பணத்தை முதலில் விழுங்குவது இதுதான்.

இரண்டாவது, தேர்ந்த காது. பாடுபவருக்குத் தன் பிழை தெரியாது. "இன்னொரு தடவை பாடுங்கள்" என்று முகம் கோணாமல் சொல்லவும், "போதும், இதுதான் சரி" என்று நிறுத்தவும் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றாவது, நம்பிக்கை. சொன்ன நாளில் வேலை முடியும், கொடுத்த பாட்டு வெளியே கசியாது என்ற உறுதி.

இன்னொரு கணக்கும் உண்டு. தேக்கா சந்தையில் மாலையில் விலை போகாத கீரையைக் குறைத்தாவது விற்றுவிடலாம். ஸ்டூடியோவில் விலைபோகாத ஒரு மணி நேரத்தை மறுநாள் யாருக்கும் விற்க முடியாது. போனது போனதுதான். அதனால் புத்திசாலி, திருமண வாழ்த்து, கோயில் பக்திப்பாடல், பள்ளி நாடகம், அறிவிப்புக் குரல் எதையும் மட்டமாக நினைக்க மாட்டார். பகலில் அந்த வேலை. இரவில் தன் ஆசைப் பாட்டு. வந்தவர் பெயரை ஏட்டில் எழுதிவைப்பார், அந்த மெம்ஃபிஸ் பெண்மணியைப் போல.

அசல் யார் கையில்?

இனி முடிச்சுக்கு வரலாம். இளையராஜா பாடல்களின் உரிமை யாருக்கு என்ற வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அனுப்பப்பட்ட வழக்கறிஞர் அறிவிக்கை தேநீர்க் கடை வரை விவாதமானது. இரண்டு பெரும் கலைஞர்கள், ஆயுள்கால நட்பு. அவர்களுக்கு இடையிலேயே உரிமைப் பிரச்சினை நுழைய முடியும் என்றால், நேற்று அறிமுகமான பாடகருக்கும் சின்ன ஸ்டூடியோக்காரருக்கும் நுழையாதா?

சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் பெரிய மாற்றம் செய்தது. ஒருவர் காசு கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னால், எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, காசு கொடுத்தவருக்கு உரிமை போய்விடாது. பதிவை உருவாக்கியவருக்கே முதல் உரிமை. ஒலிப்பதிவுகளைப் பொது இடங்களில் ஒலிக்கவிடும்போதும் ஒலிபரப்பும்போதும் அவற்றின் உரிமையாளர் கட்டணம் பெறவும் வழி பிறந்தது. 1903இல் மெழுகுத் தட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டு நின்ற பாடகருக்கு இப்படியொரு சட்டம் கனவிலும் இல்லை.

சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே போவது அவரவர் பொறுப்பு. பதிவுக்கு முன்பே ஒரு பக்கக் காகிதத்தில், பாட்டு யாருடையது, பதிவு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நட்பும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும். "நமக்குள் எதற்கு எழுத்து?" என்ற பெருந்தன்மைதான் பல உறவுகளை முறித்திருக்கிறது.

உரிமை கையில் இருந்தால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். 2008 ஜூன் மாதம் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் பிடித்த தீயில் மூல நாடாக்கள் எரிந்தன. இழப்பு எவ்வளவு பெரியது என்ற பேச்சு 2019இல்தான் வெளியே வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரே கணினியில் எல்லாப் பாட்டையும் வைத்திருக்கும் சிறிய கூடத்தின் கதி என்ன? ஒன்றுக்கு இரண்டு நகல், அதில் ஒன்று வேறு இடத்தில். செலவு பெரிதல்ல, பழக்கம்தான் வேண்டும்.

தீர்ப்பு

ஆறு சாட்சிகளும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், கலை அணிக்கும் வெற்றி உண்டு, கடை அணிக்கும் வெற்றி உண்டு. கடையாக நடத்தாத கூடம் கலைக்கு இடம் கொடுக்க முடியாமல் மூடிப்போகும். கலை இல்லாத கூடத்துக்கு ஆள் இரண்டாம் முறை வரமாட்டார். ஆனால் இரண்டு அணியும் பேச மறந்த மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. அது காவல்.

சிங்கப்பூரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. சமூக நிகழ்ச்சிக்காக உள்ளூர் வாத்தியார் போட்ட மெட்டு, பாட்டியின் தாலாட்டு, கோயில் திருவிழாவில் பாடிய காவடிச் சிந்து, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ராப் எதையும் பெரிய கம்பெனி தேடி வந்து பதியப்போவதில்லை. அதில் லாபம் இல்லை. அந்தக் குரல்கள் பதிய வேண்டுமானால், பதிந்தது இந்த ஊரிலேயே இருக்க வேண்டுமானால், எட்டிப் போகும் தூரத்தில் ஒரு சின்னக் கூடம் இருக்க வேண்டும். அதன் வாடகை மாதாமாதம் தவறாமல் கட்டப்பட வேண்டும்.

ஆகவே ஜூரோங்கில் கதவு திறக்கும் இளைஞர் கூச்சமில்லாமல் விலைப்பட்டியல் ஒட்டட்டும். கல்யாண வாழ்த்தும் பதியட்டும், காப்பி விளம்பரமும் பதியட்டும். உள்ளே வருகிற ஒவ்வொரு குரலின் பெயரையும் எழுதிவைக்கட்டும். அசலை மட்டும், என்ன விலை பேசினாலும், யோசிக்காமல் கொடுத்துவிட வேண்டாம்.